மேனேஜர் கையில் எதைக் கொடுப்பது?

பேட்ரியான், சப்ஸ்டாக், ஒன்லிஃபேன்ஸ், யூடியூப் மெம்பர்ஷிப் என ஏதாவது ஒரு சந்தாத் தளத்தில் மாதாமாதம் ஓரளவு பணம் வரத் தொடங்கியவருக்கு, முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து இன்ஸ்டாகிராமில் செய்தி வந்து விழும். உங்கள் பக்கத்தைப் பார்த்தோம், நல்ல வளர்ச்சி தெரிகிறது, எங்களிடம் விட்டால் மூன்றே மாதத்தில் வருமானத்தை மூன்று மடங்காக்கிக் காட்டுகிறோம், முன்பணம் ஒரு பைசா வேண்டாம், வருகிறதில் பங்கு கொடுத்தால் போதும் என்று அது சொல்லும். செய்தி வரும் நேரத்தில் அதைப் பெறுபவர் பெரும்பாலும் களைத்துப்போயிருப்பார். படம்பிடிப்பது, எடிட் செய்வது, பதிவிடுவது, பதில் எழுதுவது, திருட்டுப் பிரதிகளைத் தேடி நீக்கச் சொல்வது, வரிக்கணக்கு என எல்லாமே அவர் ஒருவர் தலையில்தான். எனவே அந்தச் செய்தியை மோசடி என்று ஒரேயடியாகத் தள்ளுவதும் சரியில்லை, கடவுள் அனுப்பிய ஆள் என்று கையெழுத்துப் போடுவதும் சரியில்லை. இந்தத் தொழிலில் மேனேஜர் என்பவர் உண்மையில் யார், அவருக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மேனேஜர் என்றதும் நமக்கு நினைவு வருவது கோடம்பாக்கம். நடிகரின் கால்ஷீட்டைப் பார்த்துக்கொள்பவர், சம்பளம் பேசுபவர், வேண்டாத தயாரிப்பாளரிடம் 'சார் ஊரில் இல்லை' என்று சொல்பவர். அந்த மேனேஜருக்கு வேலை இருப்பதற்குக் காரணம், நடிகருக்குப் பணம் கொடுப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், ஒவ்வொருவரிடமும் பேரம் பேச வேண்டும் என்பதுதான். சந்தாவில் வாழும் படைப்பாளிக்குப் பணம் கொடுப்பவர்களோ ஆயிரக்கணக்கான சின்ன மனிதர்கள். ஐந்து டாலர், பத்து டாலர் என்று மாதந்தோறும் நேராகக் கொடுக்கிறார்கள். அங்கே பேரம் பேச யாருமில்லை. விலை பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அவர்கள் கொடுக்கும் பணத்தில் பாதி படைப்புக்கு என்றால், மீதி அந்த ஆளோடு தங்களுக்கு இருப்பதாக அவர்கள் நம்பும் உறவுக்கு.

தமிழுக்கு இந்த ஏற்பாடு ஒன்றும் புதிதல்ல. 1959இல் சி. சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கியபோது இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்துவிட்டுத்தான் தொடங்கினார். ஆசிரியர், வெளியிடுபவர், விற்பனையாளர் எல்லாம் அவரே. மேனேஜர் வைத்திருந்தால் பத்திரிகை இன்னும் நெடுநாள் நடந்திருக்குமா, அல்லது 'எழுத்து' எழுத்தாகவே இருந்திருக்காதா என்பது இன்றைக்கும் சுவாரஸ்யமான கேள்வி.

இன்றைய ஏஜென்சிகள் 'மேனேஜ்மென்ட்' என்ற ஒரு சொல்லுக்குள் ஐந்தாறு வெவ்வேறு வேலைகளைச் சுருட்டி வைத்திருக்கின்றன. விளம்பர ஒப்பந்தம் பிடித்துத் தருவது ஏஜென்ட் வேலை. வரவுசெலவு, வரி பார்ப்பது கணக்கர் வேலை. வெட்டி ஒட்டுவது எடிட்டர் வேலை. டிக்டாக்கிலும் ரெடிட்டிலும் ஆள் திரட்டுவது விளம்பர வேலை. சந்தாதாரரின் செய்திகளுக்குப் பதில் சொல்வது வேறு ஒரு வேலை. சந்தையில் தனித்தனியாகக் கேட்டால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மாதச் சம்பளமோ மணிக்கூலியோ உண்டு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, கூலிக்குப் பதிலாகச் சதவீதம் கேட்கும்போதுதான் கணக்கு மாறுகிறது.

தளங்களே இந்த வேலையின் ஒரு பகுதியைச் செய்து பார்த்ததும் உண்டு. 2013இல் ஜாக் கான்ட்டியும் சாம் யாமும் தொடங்கிய பேட்ரியான் முதலில் 5 சதவீதம்தான் எடுத்தது. 2019இல் அதை மூன்று அடுக்காக்கி 5, 8, 12 என்று வைத்தது. மேல் அடுக்கில் சேர்ந்தவருக்குத் தளமே ஒரு தனி மேலாளரை ஒதுக்கியது. அதாவது நடு அடுக்குக்கும் மேல் அடுக்குக்கும் இடையில் இருந்த 4 சதவீதத்துக்குள் இன்னும் சில வசதிகளோடு மேலாளரின் ஆலோசனையும் அடக்கம். அவர் பக்கத்தை நடத்தித் தரமாட்டார், எதைச் செய்யலாம் என்று சொல்வார். ஆலோசனைக்கு அன்று தளம் போட்ட விலையை மனதில் வைத்துக்கொண்டு ஏஜென்சிகளின் விலையைப் பார்ப்போம்.

அந்த விலை உச்சத்தில் இருப்பது ஒன்லிஃபேன்ஸைச் சுற்றி வளர்ந்த ஏஜென்சி உலகத்தில். 2016இல் லண்டனில் டிம் ஸ்டோக்லி தொடங்கிய தளம் அது. 2018இல் அதன் தாய் நிறுவனமான ஃபெனிக்ஸ் இன்டர்நேஷனலின் பெரும்பங்கை லியனிட் ரட்வின்ஸ்கி வாங்கினார். சமையல்காரர்களும் உடற்பயிற்சி ஆசிரியர்களும் அதில் இருந்தாலும் தளத்தின் பெயரும் பணமும் வயதுவந்தோருக்கான உள்ளடக்கத்தால் வந்தவை. 2021 ஆகஸ்டில் அந்த உள்ளடக்கத்தைத் தடை செய்யப்போவதாக அறிவித்துவிட்டு, ஒரு வாரத்துக்குள் பின்வாங்கியதே அதற்குச் சாட்சி. 2023 நவம்பரில் முடிந்த நிதியாண்டில் ரசிகர்கள் அந்தத் தளத்தில் செலவிட்டது சுமார் 663 கோடி டாலர். படைப்பாளிக் கணக்குகள் 41 லட்சத்துக்கு மேல். தளம் 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறது.

வகுத்துப் பார்த்தால் ஒரு கணக்குக்கு ஆண்டுக்குச் சுமார் 1,600 டாலர், தளத்தின் பங்கு போகக் கிட்டத்தட்ட 1,290. மாதத்துக்கு நூறு டாலர் சொச்சம். இதுவும் சராசரிதான்; மேலே இருக்கும் சிலர் அள்ளுவதால் வந்த சராசரி. இந்த வருமானத்தில் ஒரு முழுநேர மேனேஜருக்கு இடமே இல்லை. முன்பணம் வேண்டாம் என்று சொல்லி ஏஜென்சி வருவதன் காரணம் இங்கே இருக்கிறது. அது நூறு பேரைச் சேர்க்கும். அவர்களில் இரண்டு மூன்று பேர் ஓடினால் போதும். ஓடாதவர்கள் ஒப்பந்தத்துக்குள் கட்டுண்டு கிடப்பார்கள், ஏஜென்சிக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை.

இந்த ஏஜென்சிகள் கேட்கும் பங்கு பொதுவாக 30 முதல் 50 சதவீதம், சில சமயம் அதற்கும் மேல். நூறு டாலர் வந்தால் தளத்துக்கு 20 போய் 80 மிஞ்சும். அதில் 40 சதவீதம் என்றால் ஏஜென்சிக்கு 32, படைப்பாளிக்கு 48. ஒப்பந்தத்தில் மொத்த வரவில் 40 சதவீதம் என்று எழுதியிருந்தால் ஏஜென்சிக்கு 40, படைப்பாளிக்கும் 40. ஒரே சதவீதம், ஒரு சொல்தான் வித்தியாசம். அதைவிட முக்கியமான கணக்கு வேறு. கைக்கு வருவதில் 40 சதவீதத்தைக் கொடுத்துவிட்டுப் பழைய வருமானத்திலேயே நிற்க வேண்டுமானால்கூட மொத்த வரவு மூன்றில் இரண்டு பங்கு கூட வேண்டும். 50 சதவீதம் என்றால் இரட்டிப்பாக வேண்டும். 20 சதவீதம் என்றால் நாலில் ஒரு பங்கு கூடினால் போதும். மூன்று மடங்காக்குகிறேன் என்பவரிடம், அப்படியானால் இப்போது நான் ஈட்டுவதைத் தொடாமல் கூடுவதில் மட்டும் பங்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்க்கலாம். தன் வேலையில் நம்பிக்கை உள்ளவர் பேச்சைத் தொடர்வார். பலர் அதற்குப் பிறகு பதில் போடுவதில்லை.

கேளிக்கைத் துறையில் இந்தச் சதவீதங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கத் திரை உலகில் ஏஜென்ட்டின் வழக்கமான பங்கு 10 சதவீதம். இசைக்கலைஞர்களின் மேனேஜருக்கு 15 முதல் 20. பீட்டில்ஸுக்காக பிரையன் எப்ஸ்டீன் வாங்கிய 25 சதவீதமே அதிகம் என்று பேசப்பட்டது. எல்விஸ் பிரெஸ்லியின் மேனேஜர் கர்னல் டாம் பார்க்கர் பிற்காலத்தில் 50 சதவீதம் எடுத்தார். எல்விஸ் இறந்த பின் அவருடைய மகளின் நலனைக் காக்க மெம்ஃபிஸ் நீதிமன்றம் ஒரு வழக்கறிஞரை நியமித்தது. அந்தப் பங்கு அளவுக்கு மீறியது என்று 1981இல் அவர் அறிக்கை கொடுத்தார். அன்று ஊரே முகம் சுளித்த அந்த விகிதம் இன்று இருபது வயதுப் பிள்ளைகள் தொலைபேசியில் கட்டைவிரலால் கையெழுத்திடும் ஒப்பந்தங்களில் சாதாரணமாகக் கிடக்கிறது. பார்க்கர் குறைந்தபட்சம் அப்போது ஒரே ஓர் ஆளுக்குத்தான் மேனேஜராக இருந்தார்.

இங்கிலாந்தின் கில்பர்ட் ஓ'சலிவன் வழக்கும் தெரிந்துகொள்ளத்தக்கது. 1970களின் தொடக்கத்தில் உச்சத்தில் இருந்த பாடகர். அனுபவமில்லாத வயதில், தனக்கென்று வழக்கறிஞர் யாருமில்லாமல், முழுக்க நம்பிய மேனேஜரின் நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். 1984இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நம்பிக்கையைப் பயன்படுத்திப் பெறப்பட்ட ஒப்பந்தங்கள் இவை என்று ரத்து செய்தது. பாட்டுகளின் உரிமை அவரிடம் திரும்பியது. ஆனால் மேனேஜரின் உழைப்பால்தான் அவர் பெரிய ஆளானார் என்பதையும் நீதிமன்றம் ஒப்புக்கொண்டு, அந்த உழைப்புக்கு நியாயமான ஊதியத்தை அனுமதித்தது. மேனேஜர் பயனுள்ளவராகவும் இருக்கலாம், அதே ஆள் அநியாயமானவராகவும் இருக்கலாம் என்று தீர்ப்பு சொல்வதுதான் அதன் அழகு. இந்தத் துறையைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டில் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்.

இணையத்தில் இதன் முதல் ஒத்திகை யூடியூபில் நடந்தது. 2010ஐ ஒட்டி 'மல்டி சேனல் நெட்வொர்க்' என்ற இடைத்தரகு நிறுவனங்கள் முளைத்தன. சேனல்களைச் சேர்த்துக்கொண்டு, விளம்பரம் பிடித்து, காப்புரிமைப் பிரச்சினைகளைப் பார்த்து, வருமானத்தில் பங்கு எடுத்தன. அவற்றில் ஒன்றான மேக்கர் ஸ்டூடியோஸை 2014இல் டிஸ்னி 50 கோடி டாலருக்கு வாங்கியது, இலக்கை எட்டினால் மேலும் 45 கோடி வரை தருவதாகவும் ஒப்புக்கொண்டது. சுமார் 60,000 சேனல்கள் வரை சேர்ந்திருந்த அந்த வலையை 2017இல் டிஸ்னி 300ஆகக் குறைத்தது. மீதிப் பேர் என்ன 'மேனேஜ்மென்ட்' பெற்றுக்கொண்டிருந்தார்கள் என்று அப்போது புரிந்தது. மெஷினிமா என்ற இன்னொரு நெட்வொர்க்கில் சேர்ந்த இளைஞர் ஒருவர், தான் கையெழுத்திட்டது முடிவுத் தேதியே இல்லாத ஒப்பந்தம் என்று பின்னால் கண்டுகொண்டு வீடியோவில் புலம்பினார். அந்த நிறுவனமும் 2019இன் தொடக்கத்தில் தன் சேனலில் இருந்த வீடியோக்களை எல்லாம் மறைத்துவிட்டுக் கடையைச் சாத்தியது.

டிஃபை மீடியாவின் முடிவு எல்லாவற்றிலும் மோசம். நெட்வொர்க் ஏற்பாட்டில் யூடியூப் தரும் பணம் முதலில் நெட்வொர்க்கின் கணக்குக்குப் போகும். தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அது படைப்பாளிக்கு அனுப்பும். 2018 நவம்பரில் டிஃபை திடீரென்று மூடியபோது, படைப்பாளிகளுக்குச் சேர வேண்டிய பணமும் கடன் கொடுத்தவர்கள் உரிமை கோரிய பணத்தோடு சேர்ந்து மாட்டிக்கொண்டது. வீடியோ அவர்களுடையது, பார்வையாளர்கள் அவர்களுடையவர்கள், பணம் மட்டும் அடுத்தவர் வங்கிக் கணக்கில். பங்கு எவ்வளவு என்பதைப் பற்றி மட்டுமே பேரம் பேசியவர்களுக்கு, பணம் எந்த வழியாக வருகிறது என்ற கேள்வி அன்றுவரை தோன்றவில்லை. தளத்திலிருந்து பணம் படைப்பாளியின் கணக்குக்கு வர வேண்டும், அங்கிருந்து மேனேஜருக்குப் போக வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கும் ஒப்பந்தம் எத்தனை இனிப்பாக இருந்தாலும் வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் பழைய மேனேஜர் பிரச்சினையின் புதிய பதிப்புகள். சந்தாத் தொழிலுக்கே உரிய பிரச்சினை வேறு.

ஒன்லிஃபேன்ஸின் வருமானத்தில் மாதச் சந்தாவைவிடத் தனித்தனி வாங்கல்களே இப்போது பெரிய பங்கு. சந்தாதாரர் உள்ளே வந்த பிறகு தனிச் செய்தியில் பேச்சு தொடங்குகிறது. பேச்சுக்கு நடுவே பூட்டிய ஒரு படமோ வீடியோவோ வருகிறது. காசு கட்டினால் திறக்கும். ஆக, பணம் இருப்பது பேச்சில். ஆயிரம் பேரோடு ஒரே ஆள் ராப்பகலாகப் பேச முடியாது. இங்கேதான் ஏஜென்சிகள் தங்கள் உண்மையான சரக்கை வைத்திருக்கின்றன. அவர்களுடைய ஊழியர்கள், இந்தத் தொழிலில் 'சாட்டர்' என்று பெயர், ஷிப்ட் போட்டு உட்கார்ந்து, படைப்பாளியின் பெயரில் பேசுவார்கள். பலர் பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் குறைந்த கூலிக்கு வேலை செய்பவர்கள். யார் எவ்வளவு செலவழித்தார், அவருக்கு மனைவி இருக்கிறாளா, நாய் பெயர் என்ன, எப்போது சம்பளம் வரும் என்பதெல்லாம் திரையின் ஓரத்தில் குறிப்பாக இருக்கும். காலை ஷிப்டில் ஓர் ஆண், இரவு ஷிப்டில் இன்னோர் ஆண், எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு அது ஒரே பெண். 2022இல் நியூயார்க் டைம்ஸ் மேகசின் இதைப் பற்றி விரிவாக எழுதியது. 2024இல் ராய்ட்டர்ஸ் தோண்டியது. அதே ஆண்டு ஜூலையில் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில், தாங்கள் பணம் கொடுத்துப் பேசியது படைப்பாளியோடு அல்ல என்று சொல்லிச் சந்தாதாரர்கள் தளத்தின் தாய் நிறுவனத்தின் மீதும் சில ஏஜென்சிகள் மீதும் வழக்குப் போட்டார்கள்.

இதற்கு ஏஜென்சிகள் தரும் பதில் ஒன்று உண்டு. அரசியல்வாதியின் கடிதத்தை உதவியாளர்தான் எழுதுகிறார், நடிகரின் ரசிகர் கடிதத்துக்குச் செயலாளர்தான் பதில் போடுகிறார், இதில் என்ன தப்பு என்பார்கள். முற்றிலும் பொய்யான வாதமில்லை. ஆனால் ரசிகர் கடிதத்துக்கு யாரும் நிமிடக் கணக்கில் காசு கட்டுவதில்லை. இங்கே விற்கப்படும் பண்டமே 'இது நான்தான்' என்ற உறுதி. சமையல் சேனலின் உறுப்பினர் கேள்விக்கு உதவியாளர் பதில் சொல்லி, கீழே 'குழுவிலிருந்து' என்று எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை. தனிமையில் இருக்கும் ஒருவரிடம் காதல் பேசி, அது வேறொருவர் என்பதை மறைப்பது விற்பனை உத்தி என்ற சொல்லுக்குள் அடங்காது. என் கணக்கில் அது ஏமாற்று.

ஒழுக்கத்தை ஒதுக்கிவைத்துத் தொழிலாக மட்டும் பார்த்தாலும் படைப்பாளிக்கு இது கேடு. தளத்தின் விதிகளில் தெளிவாக இருக்கிறது: ஏஜென்சி வைத்திருந்தாலும் கணக்குக்குப் பொறுப்பு படைப்பாளியே. சாட்டர் ஒருவர் நிறைவேற்ற முடியாத வாக்குறுதியைக் கொடுத்தாலும், விதி மீறிய எதையாவது அனுப்பினாலும், பணம் கட்டியவர் வங்கியில் புகார் செய்து பணத்தைத் திரும்பப் பெற்றாலும், தடைபடுவது படைப்பாளியின் கணக்கு. ஏஜென்சி அடுத்த ஆளைத் தேடிப் போய்விடும். ஆறு மாதம் கழித்து ஏஜென்சியை விட்டு வெளியே வரும் படைப்பாளிக்குத் தன் சந்தாதாரர்களில் அதிகம் செலவழிப்பவர்கள் யார், அவர்களிடம் 'தான்' என்னவெல்லாம் சொல்லியிருக்கிறார் என்றே தெரியாது. தன் வீட்டில் தானே விருந்தாளியாகும் நிலை.

உரிமை யாரிடம் என்ற கேள்வியின் பெரிய உதாரணம் சீனாவில் நடந்தது. அது சந்தாத் தொழில் இல்லை என்றாலும் இங்கே சொல்லாமல் விட முடியாது. சிச்சுவான் கிராமத்தில் சமைப்பதையும் நெய்வதையும் பேச்சில்லாமல் படமாக்கிய லி ஸிச்சி, 2021இன் தொடக்கத்தில் சீன மொழிச் சேனல்களில் அதிகச் சந்தாதாரர் கொண்டவர் என்று கின்னஸில் இடம்பிடித்தார். அவருடைய மேலாண்மை நிறுவனமான வெய்னியான் அவர் பெயரையே பிராண்டாக்கி உணவுப்பொருள்கள் விற்றது. பாக்கெட்டில் அடைத்த நத்தைச் சாற்று நூடுல்ஸ் பெரிய வியாபாரம். வெய்னியானில் அவருக்குப் பங்கு கிடையாது. இரு தரப்புக்கும் பொதுவான துணை நிறுவனத்தில் மட்டும் 49 சதவீதம். 2021 ஜூலையோடு வீடியோ நின்றது, அக்டோபரில் வழக்கு, 2022 டிசம்பரில் சமரசம். துணை நிறுவனத்தில் அவர் பங்கு 99 சதவீதமானது. மீண்டும் அவர் திரைக்கு வந்தது 2024 நவம்பரில். சொந்தப் பெயரை மீட்க மூன்று ஆண்டு மௌனம். அவரால் அது முடிந்தது. மாதம் முந்நூறு டாலர் வரும் ஒருவர் மூன்று மாதம் மௌனமாக இருந்தால் சந்தாதாரர் எல்லோரும் போயிருப்பார்கள்.

சட்டம் எங்கே இருக்கிறது? கலிபோர்னியாவில் கலைஞருக்கு வேலை பிடித்துத் தருபவர் தொழிலாளர் ஆணையரிடம் உரிமம் வாங்க வேண்டும். உரிமமில்லாமல் அதைச் செய்த மேனேஜர்கள் கமிஷனை இழந்த வழக்குகள் பல; 2008இல் மாரத்தான் - பிளாசி வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் அந்தக் கடுமையைச் சற்றுத் தளர்த்தியது. ஆனால் சந்தாப் பக்கத்தை நடத்துவது 'வேலை பிடித்துத் தருவது' என்ற வரையறைக்குள் எளிதில் அடங்காது, அந்த இடைவெளியில்தான் புதிய ஏஜென்சிகள் குடியிருக்கின்றன. பிரான்ஸ் 2023 ஜூன் 9 அன்று இன்ஃப்ளூயன்சர்களுக்கென்று தனிச்சட்டம் இயற்றியபோது அவர்களுடைய ஏஜென்ட்டையும் வரையறுத்தது. எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கி, ஏஜென்ட்டுக்கும் பொறுப்பைப் பகிர்ந்தது. அதன் நோக்கம் விளம்பரம்தான், சந்தா அல்ல. ஆனாலும் திசை நல்ல திசை.

இந்தியாவில் மேனேஜருக்கென்று சட்டமில்லை. அதற்காகக் கையில் ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் முகவரின் கடமைகள் விரிவாகவே இருக்கின்றன. கேட்டபோது கணக்குக் காட்ட வேண்டியது முகவரின் கடமை என்று 213ஆம் பிரிவு சொல்கிறது. தொழில் செய்யவிடாமல் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்பது 27ஆம் பிரிவு. இதை வைத்து நடந்த வழக்கு நம் தலைப்புக்கு நேராகவே பொருந்தும். கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானின் விளம்பர விவகாரங்களைப் பார்த்துவந்த பர்செப்ட் டி'மார்க் நிறுவனம், ஒப்பந்தம் முடிந்த பிறகும் வேறு யார் வாய்ப்பு தந்தாலும் முதலில் தங்களிடம் காட்ட வேண்டும் என்ற ஷரத்தைக் காட்டி வழக்காடியது. ஒப்பந்தக் காலத்துக்குப் பின்னும் கட்டிப்போடும் அந்த ஷரத்து செல்லாது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம்பிக்கையின்மேல் நிற்கும் உறவை ஒருவர் மீது திணிக்க முடியாது என்ற பார்வை அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவும் கைகொடுக்கும். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு, எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். சென்னையிலும் யூடியூப் சேனல்களைச் சேர்த்து நடத்தும் நிறுவனங்கள் ஆண்டுக்கணக்காக இயங்குகின்றன, தமிழ்ப் படைப்பாளிகள் பலரும் இத்தகைய ஒப்பந்தங்களில் இருக்கிறார்கள். ஆகவே இந்தப் பிரிவுகளை வழக்கறிஞரிடம் விட்டுவிடாமல் நாமும் ஒருமுறை படித்துவைப்பது நல்லது. வயதுவந்தோர் உள்ளடக்கத்துக்கு ஆள் திரட்டும் ஏஜென்சிகள் சொல்லாமல் விடுகிற இன்னொரு பிரிவும் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவின்படி பாலியல் செயலைக் காட்டும் உள்ளடக்கத்தை இணையத்தில் வெளியிடுவதற்கு முதல் முறையே ஐந்து ஆண்டு வரை சிறை, பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். பக்கம் யார் பெயரில் இருக்கிறதோ முதலில் மாட்டுவது அவர்தான்.

அப்படியானால் யாரை வைத்துக்கொள்வது? என் யோசனையில் முதலில் வர வேண்டியவர் கணக்கர். வெளிநாட்டிலிருந்து டாலரில் வரும் பணம், ஜிஎஸ்டி, வருமானவரி என்று இதில் செய்யும் பிழைக்கு விலை அதிகம். கணக்கருக்குக் கொடுப்பதோ வரவில் சதவீதமல்ல, ஒரு தொகை. அடுத்து எடிட்டர், ஏனென்றால் நேரத்தை அதிகம் தின்பது அதுவே. மூன்றாவதாக, திருட்டுப் பிரதிகளை நீக்கச் சொல்லி எழுதுவதற்கும் வசைகளை வடிகட்டுவதற்கும் ஓர் உதவியாளர். இந்த மூவரோடு பெரும்பாலானோருக்கு வேலை முடிந்துவிடும். விளம்பரதாரர், புத்தகம், மேடை நிகழ்ச்சி என்று சந்தாவுக்கு வெளியே பேரம் பேச வேண்டிய இடங்கள் வந்து, அவற்றைத் தவறவிடுகிறோம் என்று தெரிகிறபோதுதான் கோடம்பாக்கம் பாணி மேனேஜருக்கு அர்த்தம் உண்டு. அவருக்கும் அவர் கொண்டுவரும் ஒப்பந்தத்தில்தான் பங்கு. பத்து ஆண்டாக நாம் சேர்த்த சந்தாதாரர் பணத்தில் அவருக்கு என்ன பாத்தியதை?

உதவிக்கு ஆள் வைக்கக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டிய அவசியமும் பல தளங்களில் கிடையாது. யூடியூபில் மேலாளர், எடிட்டர், பார்வையாளர் என்று படிப்படியாக அனுமதி தரலாம். சப்ஸ்டாக்கில் சந்தாதாரர்களின் மின்னஞ்சல் பட்டியலை எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அந்தப் பட்டியல் கையில் இருக்கிறவரை எந்த மேனேஜரும், ஏன், சப்ஸ்டாக்கே போனாலும் தொழில் போகாது. ஒன்லிஃபேன்ஸில் ரசிகரின் மின்னஞ்சல் படைப்பாளிக்குக் கிடைப்பதில்லை. அதனால்தான் அங்கே கணக்கைப் பிடித்தவர் எல்லாவற்றையும் பிடித்தவராகிறார், அங்கேதான் 50 சதவீதமும் கேட்க முடிகிறது. பங்கின் உயரம் மேனேஜரின் திறமையைப் பொறுத்தது என்று நாம் நினைக்கிறோம். படைப்பாளி வெளியேறுவது எவ்வளவு கடினமோ அந்த அளவுக்குத்தான் அது உயர்கிறது.

ஒப்பந்தம் என்று வந்தால் நான் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கத்தை. முடிவுத் தேதி இருக்கிறதா, எத்தனை நாள் முன்னறிவிப்பில் வெளியேறலாம், வெளியேற அபராதம் உண்டா. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஷரத்து ஒன்று எங்காவது ஒளிந்திருக்கும். பிரிந்த பிறகும் கமிஷன் தொடருமா என்பது அடுத்தது; இசை உலகில் அது ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து ஒழிய வேண்டும் என்று எழுதிக்கொள்வார்கள், இங்கே பலர் அதை எழுதுவதே இல்லை. கணக்கோடு இணைந்த தொலைபேசி எண், மீட்பு மின்னஞ்சல் யாருடையவை என்பதை ஒரு வரியில் எழுதச் சொல்ல வேண்டும். ஏஜென்சியிடம் கொடுத்து வைத்த படங்களையும் வீடியோக்களையும் பிரிந்த எத்தனை நாளில் அழிக்க வேண்டும் என்பதும் எழுத்தில் வர வேண்டும். அந்தரங்கப் படங்கள் என்றால் இந்த ஒரு வரிக்காகவே ஒப்பந்தத்தை நிறுத்திவைக்கலாம்.

ஏஜென்சிகள் தங்கள் வெற்றிக் கதைகளை அழகான அட்டவணையாக அனுப்புவார்கள், திரைப்பிடிப்பு அனுப்புவார்கள், இப்போது தங்களிடம் இருக்கும் இரண்டு பேரோடு பேச வைப்பார்கள். அவர்கள் நல்லதே சொல்வார்கள், சொல்லாமல் என்ன செய்வார்கள்? கடந்த ஓராண்டில் அந்த ஏஜென்சியை விட்டு விலகிய ஒருவரின் பெயரைக் கேளுங்கள். விலகிய தேதியில் அவருடைய கணக்கு அவர் கைக்கு வந்ததா, கடைசி மாதப் பணம் எப்போது வந்தது என்ற இரண்டை மட்டும் அவரிடம் விசாரியுங்கள். யாரும் விலகவே இல்லை என்று ஏஜென்சி சொன்னால், ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும்.